எந்த வேதப்பகுதி நம் பிரசங்க மேடைக்கு வருவதேயில்லை? நுகர்வுக் கலாச்சாரமும் சபையின் உண்மைத்தன்மையும்

பெரோயா வாசகன் (இழையைத் தொடங்கியவர்)

சுவிசேஷக சபைகளுக்குள் நுகர்வுக் கலாச்சாரம் புகுந்துவிட்டது என்று யாராவது சொன்னால், பேச்சு உடனே மேடை விளக்கு, புகை இயந்திரம், போதகரின் காலணி, வாகன நிறுத்துமிடம் என்று திசைமாறிவிடுகிறது. இவற்றைப் பழிப்பது எளிது. பழிப்பவருக்குச் செலவும் இல்லை. ஆனால் மங்கலான மேடை ஒளியில் எசேக்கியேலை அதிகாரம் அதிகாரமாகப் பிரசங்கிக்க முடியும் என்பதையும், மரப் பெஞ்சும் பைப் ஆர்கனும் உள்ள பழைய ஆலயத்தில் ஆண்டு முழுவதும் கேட்பவர் விரும்பியதை மட்டுமே பேச முடியும் என்பதையும் ஒப்புக்கொண்டால், இந்த விவாதம் வேறு இடத்திலிருந்து தொடங்கியாக வேண்டும். நான் வைக்க விரும்பும் கேள்வி இதுதான்: வேதாகமத்தின் எந்தப் பகுதிகள் நம் மேடைக்கு வருவதேயில்லை, அவை வராமலிருப்பதைத் தீர்மானிப்பவர் யார்?

ஓர் எடுத்துக்காட்டு. எரேமியா 29:11 உலகெங்கும் கைப்பேசித் திரைகளில் சூரியோதயப் படத்தின்மேல் அச்சாகி வலம் வருகிறது: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்தின வசனம், பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறிய பிறகே கர்த்தர் அவர்களைச் சந்திப்பார் என்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் பெரும்பாலானோர் அந்நிய மண்ணிலேயே அடக்கம்பண்ணப்படப் போகிறவர்கள். முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று அறிவிக்கிறான். ஜனங்கள் கேட்க விரும்பியது அதைத்தான். நாம் செய்திருப்பது என்னவென்றால், எரேமியாவின் வசனத்தை எடுத்து அதற்குள் அனனியாவின் செய்தியை வைத்துவிட்டோம். வசனம் மாற்றப்படவில்லை, ஓர் எழுத்துகூட நீக்கப்படவில்லை. அதனால்தான் இது யாருடைய கண்ணிலும் படுவதில்லை.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, கெட்ட போதகர்கள் வந்து நல்ல சபையைக் கெடுப்பார்கள் என்று மட்டும் எச்சரிக்கவில்லை. ஜனங்கள் "செவித்தினவுள்ளவர்களாகி, தங்கள் சுய இச்சைகளுக்கேற்ற போதகர்களைத் தங்களுக்குத் திரளாகச் சேர்த்துக்கொண்டு" போவார்கள் என்கிறார். அங்கே செயல் கேட்பவர்களுடையது. சேர்த்துக்கொள்பவர்கள் அவர்கள், போதகர் சேர்க்கப்படுகிறவர். தேவை முதலில் வருகிறது, விநியோகம் பிறகு வருகிறது.

1804-இல் லண்டனில் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் மற்றும் வெளிநாட்டு வேதாகமச் சங்கம், குறிப்போ விளக்கமோ இல்லாமல் வேதாகமத்தை அச்சிடுவதை விதியாகவே வைத்திருந்தது. பல திருச்சபைப் பிரிவினர் சேர்ந்து நடத்தியதால் அந்த விதி தேவைப்பட்டது என்பது உண்மைதான். இன்று அதே வேதாகமம் விடலைப் பருவத்தினருக்கு ஒன்று, தாய்மார்களுக்கு ஒன்று, விளையாட்டு வீரர்களுக்கு ஒன்று, படைவீரர்களுக்கு ஒன்று என்று தனித்தனி உறையிலும் தனித்தனிக் குறிப்புகளுடனும் விற்கப்படுகிறது. அந்தக் குறிப்புகளில் பல நல்லவை. ஆயினும் "இந்தப் புத்தகம் என்னிடம் என்ன கேட்கிறது" என்ற கேள்வி எழும் முன்பே "இந்தப் புத்தகம் எனக்கு எதைத் தரும்" என்ற பதில் அட்டையிலேயே அச்சாகிவிடுகிறது.

கூடாரப் பணியாளர்

சகோதரரே, நீங்கள் மேடை விளக்குகளை விட்டுவிட்டுப் பேசியதற்கு நன்றி. ஆனாலும் உங்கள் பதிவுக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: கேட்பவருடைய நிலையைக் கணக்கில் எடுப்பதே சந்தேகத்துக்குரியது என்பது. "எப்படியாகிலும் சிலரை இரட்சிக்கும்படிக்கு நான் எல்லாருக்கும் எல்லாமானேன்" என்று சொன்னவரும் அதே பவுல்தான். பிசிதியா அந்தியோகியாவின் ஜெப ஆலயத்தில் இஸ்ரவேலின் சரித்திரத்திலிருந்து தொடங்குகிறார். அத்தேனேயில் அவர்களுடைய பலிபீடத்திலிருந்தும் அவர்களுடைய கவிஞரின் வரியிலிருந்தும் தொடங்குகிறார். ஒரே சுவிசேஷம், இரண்டு வாசல்கள்.

சுவிசேஷக இயக்கம் விளம்பரத்தைக் கண்டு கூசியதே இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1740-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலேயப் பிரசங்கியான ஜார்ஜ் விட்ஃபீல்ட் தாம் வரப்போகும் ஊர்களுக்கு முன்கூட்டியே செய்தித்தாள்கள் வழியாகத் தம் வருகையை அறிவித்தார். அவருடைய பிரசங்கங்களையும் நாட்குறிப்புகளையும் அச்சிட்டு விற்ற பெஞ்சமின் பிராங்க்ளின் அவருடைய விசுவாசத்தைப் பகிர்ந்துகொண்டவர் அல்லர். விற்பனையாகும் சரக்கு எது என்று அறிந்த அச்சகக்காரர். அதனால் விட்ஃபீல்டின் செய்தி நீர்த்துப்போனதா? மறுபிறப்பைப் பற்றி அவரளவு கண்டிப்பாகப் பேசியவர்கள் அந்தக் காலத்தில் குறைவு.

எனவே சந்தை கையாளும் வழிகளைப் பயன்படுத்துவதையும் நுகர்வோருக்குக் கீழ்ப்படிவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவதை நான் ஆதரிக்கிறேன். பொறாமையினாலும் விரோதத்தினாலும் கிறிஸ்துவை அறிவித்தவர்களைப் பற்றிக்கூட, "எப்படியாவது, கிறிஸ்து அறிவிக்கப்படுகிறார், அதனால் சந்தோஷப்படுகிறேன்" என்று பவுலால் சிறையிலிருந்து எழுத முடிந்தது.

மூப்பர் ஒருவர்

இருவரும் பேசுவது மனப்பான்மையைப் பற்றி. நான் அமைப்பைப் பற்றிப் பேச விரும்புகிறேன், ஏனெனில் மனப்பான்மையைத் திருத்தினாலும் அமைப்பு அப்படியே நிற்கும்.

அரசின் வரிப்பணத்தில் சபை நடந்த காலத்தில், போதகருக்கு ஊதியம் கேட்பவரின் திருப்தியைப் பொறுத்து வரவில்லை. (அந்த ஏற்பாட்டின் சீர்கேடுகள் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை, அதை மீட்க நான் கேட்கவில்லை.) அமெரிக்காவில் 1791-இன் முதல் அரசியலமைப்புத் திருத்தம் கூட்டாட்சி அளவில் அரசுச் சபையைத் தடைசெய்தது, மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன, கடைசியாக மாசசூசெட்ஸ் 1833-இல் அந்த ஏற்பாட்டை விட்டது. கனெக்டிகட்டில் 1818-இல் அது நடந்தபோது லைமன் பீச்சர் என்ற போதகர் மனமுடைந்துபோனார். பிற்காலத்தில் அதே நிகழ்வை அந்த மாநிலத்துக்கு நேர்ந்தவற்றில் மிகச் சிறந்தது என்று கூறினார். சபைகள் தங்கள் சொந்தக் காலில் நிற்க வேண்டியிருந்ததால் ஊக்கம் பெற்றன என்பது அவருடைய காரணம். அவர் சொன்னது தவறல்ல. ஆனால் சொந்தக் காலில் நிற்பது என்றால் வந்து அமர்பவர்களின் காணிக்கையில் நிற்பது என்றுதான் பொருள்.

அடுத்த தலைமுறையில் எழுப்புதல் கூட்டங்களை நடத்திய சார்லஸ் ஃபின்னி என்ற பிரசங்கி வருகிறார். 1835-இல் நூலாக வெளிவந்த சொற்பொழிவுகளில், எழுப்புதல் என்பது அற்புதம் அல்ல, ஏற்படுத்தப்பட்ட வழிமுறைகளைச் சரியாகக் கையாளுவதால் விளைவது என்று வாதிடுகிறார். வழிமுறையைச் சரியாகக் கையாண்டால் விளைவு வரும் என்றால், விளைவை எண்ணலாம், எண்ணினால் ஒப்பிடலாம், ஒப்பிட்டால் குறைந்த எண்ணிக்கை வைத்திருப்பவர் குற்றவாளியாகிவிடுகிறார். கூடாரப் பணியாளர் சொல்லும் "வழி வேறு, கீழ்ப்படிதல் வேறு" என்ற பிரிவினை இந்த இடத்தில்தான் கரைகிறது. வழியின் வெற்றியை அளக்கும் அளவுகோல் வந்தவர்களின் எண்ணிக்கையாக இருக்கும்வரை, வராதவர்களின் விருப்பம் சபைக் குழுக் கூட்டத்தில் ஒரு நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும்.

1974-இன் லோசான் உடன்படிக்கையைச் சுவிசேஷகர்களின் எதிரிகள் எழுதவில்லை, சுவிசேஷகர்களே எழுதினார்கள். அதன் 12-ஆம் பத்தியைப் படித்துப் பாருங்கள். நற்செய்திக்கு மறுமொழி கிடைக்க வேண்டும் என்ற ஆசையில் செய்தியைச் சமரசம் செய்ததையும், கேட்பவர்களை அழுத்த உத்திகளால் வளைத்ததையும், புள்ளிவிவரங்களில் அளவுமீறி மூழ்கி அவற்றில் நேர்மை தவறியதையும் அது பன்மையில், தன்மையில் ஒப்புக்கொள்கிறது.

பின்வரிசை

சுருக்கமாக ஒன்று. பெரிய சபைகளை மட்டும் கூண்டில் நிறுத்தாதீர்கள். "எங்கள் சபையில் வசனம் வசனமாகப் பிரசங்கம் நடக்கிறது" என்பதும் இன்று ஒரு வணிகக் குறிதான். அதற்கென்று மாநாடுகள், அதற்கென்று நட்சத்திரப் போதகர்கள், அவர்கள் பெயரில் ஆய்வு வேதாகமங்கள், அவர்களுக்கென்று ரசிகர்கள். ஞாயிறு காலை தன் போதகரின் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, மாலையில் இணையத்தில் அதே பகுதியின்மேல் புகழ்பெற்ற ஒருவரின் பிரசங்கத்தைக் கேட்டு, இரண்டுக்கும் மதிப்பெண் போடுகிற விசுவாசியை நான் நன்றாக அறிவேன். விசுவாசித்தால் செல்வமும் சுகமும் வரும் என்கிற செழிப்பு உபதேசத்தை அவர் கடுமையாக எதிர்ப்பவர். எசேக்கியேல் 33-இல் ஜனங்கள் தீர்க்கதரிசியின் முன் வந்து உட்கார்ந்து, இனிய குரலில் பாடுகிறவனைக் கேட்பதுபோல அவனைக் கேட்டுவிட்டு, அதன்படி செய்யாமல் போகிறார்கள். அங்கே செய்தியில் பிழையே இல்லை. உண்மையான வார்த்தையையும் நுகர முடியும்.

சங்கீதக்காரி

பிரசங்கத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். விசுவாசிகள் மனப்பாடமாக வைத்திருப்பது பிரசங்கத்தை அல்ல, பாடல்களை. சபை வேதத்தில் எதைத் தவிர்க்கிறது என்று அறிய ஆராதனைப் பாடல்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள்.

சங்கீத புஸ்தகத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத பகுதி புலம்பல். அவற்றில் பெரும்பாலானவை நம்பிக்கைக்குத் திரும்புகின்றன. 88-ஆம் சங்கீதம் திரும்புவதே இல்லை, ஆறுதல் ஏதும் இல்லாமல் முடிந்துவிடுகிறது. அதை இஸ்ரவேல் தன் பாட்டுப் புத்தகத்தில் வைத்துக்கொண்டது. நம்முடைய ஆராதனையில் முதல் பாட்டு வேகமானது, இரண்டாவது அதைவிட வேகமானது, பிறகு மெதுவாக ஒன்று, அதன் நடுப்பகுதியைத் திரும்பத் திரும்பப் பாடி உணர்ச்சியின் உச்சம். துக்கத்தோடு வந்தவர் தன் துக்கத்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வர வேண்டியிருக்கிறது.

இது இசைக்குழுத் தலைவர்களின் குணக்கேடு அல்ல. ஆங்கிலம் பேசும் சபைகளில் பாடப்படும் பாடல்கள் பெரும்பாலும் உரிம நிறுவனங்களின் வழியே வருகின்றன. எந்தப் பாட்டு எவ்வளவு பாடப்பட்டது என்ற பட்டியல் வெளியாகிறது. அந்தப் பட்டியலின் மேல்வரிசையைப் பார்த்தே அடுத்த சபை தேர்ந்தெடுக்கிறது. 2010-க்குப் பிந்தைய பத்தாண்டில் முன்னணியில் இருந்த புதிய பாடல்களில் மிகப் பெரும்பாலானவை பெத்தேல், ஹில்சாங், எலிவேஷன், பேஷன் என்ற நான்கு பெரிய சபைகளோடு தொடர்புடையவை. பல மொழிகளில் அவையே மொழிபெயர்ப்பாகப் பாடப்படுகின்றன. நான்கு மேடைகளில் எடுபட்டது எதுவோ, அதுவே பிள்ளையை அடக்கம்பண்ணிவிட்டு வந்த தாய் பாட வேண்டிய பாட்டாகவும் ஆகிறது.

கூடாரப் பணியாளர்

சகோதரி சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. மூப்பர் ஐயா சொன்ன எண்ணிக்கை விஷயத்துக்கு மட்டும் ஒரு பதில்.

வில்லோ கிரீக் சபை இந்த விவாதங்களில் எப்போதும் குற்றவாளியாகவே வருகிறது. 1975-இல் சிகாகோவின் புறநகரில் ஒரு திரையரங்கில் தொடங்கியது. அதற்கு முன் வீடு வீடாகச் சென்று, "நீங்கள் ஏன் ஆலயத்துக்குப் போவதில்லை" என்று கேட்டு, கிடைத்த பதில்களுக்கேற்ப ஆராதனையை வடிவமைத்தார்கள். ஆனால் 2007-இல் அதே சபை தன் உறுப்பினர்களிடமும் பிற சபைகளிலும் நடத்திய ஆய்வின் முடிவுகளைத் தானே வெளியிட்டது: சபை நிகழ்ச்சிகளில் அதிகமாகப் பங்கேற்பது தேவனிடத்திலும் பிறரிடத்திலும் அன்பு வளர்வதற்கு உத்தரவாதம் அல்ல, விசுவாசத்தில் முன்னேறியவர்களில் ஒரு பகுதியினர் நிறைவின்றி இருக்கிறார்கள், வேதபோதனையில் இன்னும் ஆழம் வேண்டும் என்கிறார்கள். தன் முறையின் அஸ்திவாரத்தையே கேள்வி கேட்கும் அறிக்கையைத் தானே அச்சிட்டு விற்ற சபைகள் எத்தனை? அளவெடுத்ததால்தான் இது தெரியவந்தது. அளவெடுக்காத சிறிய சபைகள் தங்களைப் பற்றி நல்லெண்ணத்தோடே இருந்துவிடுகின்றன.

பெரோயா வாசகன்

அந்த நேர்மையை நானும் மதிக்கிறேன். ஆனால் அந்த அறிக்கையிலிருந்து பலர் எடுத்த பாடத்தைக் கவனியுங்கள்: "வாடிக்கையாளர்கள் ஆழமான வேதபோதனை கேட்கிறார்கள், ஆகவே அதைக் கொடுப்போம்." சரக்கு மாறியது, கடை மாறவில்லை. அடுத்த ஆய்வில் மக்கள் ஆழம் வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வது? யோவான் 6-இல் அந்த ஆய்வு நடந்தேவிட்டது. அப்பம் புசித்துத் திருப்தியானதால் தேடி வந்த கூட்டத்தை இயேசு முகத்துக்கு நேரே கடிந்துகொள்கிறார்; "இது கடினமான உபதேசம், யார் இதைக் கேட்பார்கள்" என்று சீஷர்களே சொல்கிறார்கள்; அநேகர் பின்வாங்கிப் போகிறார்கள். அவர் அவர்கள் பின்னால் ஓடவில்லை, மிஞ்சின பன்னிருவரிடமும், "நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ" என்று கேட்கிறார்.

ஒரே வகை மக்களை மட்டும் குறிவைத்துச் சபை நடுவதைப் பற்றியும் ஒன்று. டொனால்ட் மெக்காவ்ரன் இந்தியாவில் பிறந்து மத்திய இந்தியாவில் பல்லாண்டு ஊழியம் செய்த மிஷனரி. மக்கள் தங்கள் இனம், மொழி, வகுப்பு ஆகியவற்றின் எல்லையைத் தாண்டாமலேயே கிறிஸ்தவர்களாக விரும்புகிறார்கள் என்று அவர் கண்டது களத்தில் கண்ட உண்மை. அது 1965-க்குப் பிறகு ஃபுல்லர் இறையியல் கல்லூரி வழியாகச் சபை வளர்ச்சி இயக்கத்தின் கொள்கையானபோது, விளக்கமாக இருந்தது பரிந்துரையாக மாறியது. ஒரே வயது, ஒரே வருமானம், ஒரே ரசனை உள்ளவர்களை நோக்கிச் சபை நடுவது சந்தையியலுக்கு இயல்பு. யாக்கோபு 2-இல் பொன்மோதிரம் போட்டவனும் கந்தையானவனும் ஒரே கூட்டத்துக்குள் வருகிறார்கள். கண்டனமே அவர்களை உட்கார வைத்த விதத்தைப் பற்றியது. ஏழை அந்தக் கூட்டத்துக்கு வரவே தேவையில்லாதபடி சபையை வடிவமைத்துவிட்டால், அந்த அதிகாரத்தை மீறுவதற்கான வாய்ப்பே இல்லாமல் போய்விடுகிறது!

என் முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பழைய விடை தொடர்வாசிப்பு. சீர்திருத்தவாதியான ஸ்விங்லி 1519 ஜனவரி 1 அன்று சூரிச்சில், அந்தந்த நாளுக்கென வகுக்கப்பட்ட வேதபாகங்களை விட்டுவிட்டு மத்தேயுவை முதல் அதிகாரத்திலிருந்து பிரசங்கிக்கத் தொடங்கினார். இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வின் 1538-இல் ஜெனீவாவிலிருந்து வெளியேற்றப்பட்டு 1541-இல் திரும்பி வந்தபோது, தம்மைத் துரத்தியவர்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், விட்ட இடத்துக்கு அடுத்த பகுதியிலிருந்து தொடர்ந்தார். பின்வரிசை நண்பரின் எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டே சொல்கிறேன்: இதையும் வணிகக் குறியாக்கலாம். ஆயினும் அடுத்த ஞாயிறு எந்தப் பகுதி என்பதைப் போதகரும் தீர்மானிப்பதில்லை, சபையாரும் தீர்மானிப்பதில்லை என்ற ஒரே காரணத்துக்காக இதற்கு மதிப்பு உண்டு. விவாகரத்தைப் பற்றிய பகுதி வருகிறது, பணத்தைப் பற்றிய பகுதி வருகிறது. யாரைக் குத்துவதற்காக இது எடுக்கப்பட்டது என்று யாரும் கேட்க முடியாது.

மூப்பர் ஒருவர்

தொடர்வாசிப்பை ஆதரிக்கிறேன். ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பவர் போதகர் என்பதையும் எழுதிவிடுங்கள். கடினமான பகுதியைப் பேசிய மாதத்தில் மூன்று குடும்பங்கள் பக்கத்துச் சபைக்குப் போனால், அவருடைய வீட்டு வாடகை ஆட்டம் காண்கிறது. பக்கத்துச் சபையோ, ஏன் வந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் அவர்களை வரவேற்று, அந்த வருட வளர்ச்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. குற்றம் செய்தவரைப் படிப்படியாகக் கண்டித்து, கேளாவிட்டால் விலக்கி வைக்கச் சொல்லும் மத்தேயு 18-இன் ஒழுங்கு நடவடிக்கை இன்று நடைமுறையில் சாத்தியமற்றுப்போனதற்குக் காரணம் இதுதான். கண்டிக்கப்பட்டவர் மனந்திரும்பவும் வேண்டாம், தள்ளப்படவும் வேண்டாம். அடுத்த வாசலுக்கு நடந்தால் போதும்.

ஆகவே என் யோசனை பிரசங்கிகளுக்கு அல்ல, மூப்பர்களுக்கு. புதிதாக வருகிற குடும்பத்தைச் சேர்ப்பதற்கு முன் அவர்களுடைய பழைய போதகருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. சண்டையைத் தீர்க்காமல் விட்டுவிட்டு வந்தவர்களானால், முதலில் போய் ஒப்புரவாகச் சொல்லித் திருப்பி அனுப்புதல். அந்த ஊழியரின் கொடுமைக்குத் தப்பி வந்தவர்களானால், அடைக்கலம் கொடுத்து உண்மையை விசாரித்தல். இந்த வேறுபாட்டை அறியாத மூப்பர் முதல் வகையைச் செய்யவே கூடாது. இன்னொன்று: போதகரின் ஊதியத்தை ஓராண்டுக்கு முன்பே உறுதிசெய்து, வருகை எண்ணிக்கையோடு அதற்குத் தொடர்பில்லை என்று சபைக்குழுத் தீர்மானமாகவே எழுதி வைப்பது.

பின்வரிசை

அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றுகிற குழுவை நான் பார்க்க விரும்புகிறேன்.

கூடாரப் பணியாளர்

நானும்தான். என்னிடம் எஞ்சியிருக்கும் தயக்கம் ஒன்று. ஒரு புத்தகத்தையும் விடாமல் வாசிப்பது என்றால் ஒரு பெண் கூட்டுப் பலாத்காரத்துக்கு ஆளாகி இறப்பதைச் சொல்லும் நியாயாதிபதிகள் 19 ஒரு ஞாயிறு வந்தே தீரும். அந்தக் காலையில் முதன்முறையாக ஆலயத்துக்குள் வந்தவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். எட்டு வயதுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும். அந்த இருவரையும் நினைத்துப் பார்ப்பதை நுகர்வுக் கலாச்சாரம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

பெரோயா வாசகன்

சொல்ல மாட்டேன். நெகேமியா 8-இல் எஸ்றா ஜனங்களின் முன் நியாயப்பிரமாண புஸ்தகத்தைக் கொண்டுவரும்போது, புருஷரும் ஸ்திரீகளும், கேட்டு அறியத்தக்க அனைவரும் கூடியிருந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. கேட்டு அறிய இயலாதவர்களுக்கு அங்கே இடம் ஒதுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஆகவே பிள்ளைகளை அந்த ஞாயிறு வேறு அறையில் வைத்துக்கொள்வதற்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. அடுத்து, லேவியர் "அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை அவர்களுக்கு விளங்கப்பண்ணினார்கள்." புதிதாக வந்தவருக்குத் தேவைப்படுவது அதுதான்: முந்தின வாரமே என்ன பகுதி என்று அறிவித்துவிட்டு, இது ஏன் வேதத்தில் இருக்கிறது, ராஜா இல்லாத நாட்களில் அவனவன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்ததன் முடிவு எங்கே போய் நின்றது என்று பொறுமையாகச் சொல்லுதல். வீட்டுக்குள்ளேயே அப்படிப்பட்ட வன்முறையை அனுபவித்துவிட்டு, சபையில் ஒருவரும் அதைப் பற்றி வாய்திறந்து கேட்டிராத ஒரு பெண்ணும் அதே வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். அவருக்காகவாவது அந்த அதிகாரம் தாண்டிப்போகப்படக் கூடாது என்பது என் கருத்து. எந்தப் பகுதியை எப்போது வாசிப்பது என்ற அட்டவணை ஒன்றை வைத்திருப்பவர்கள் இங்கே பதிவிட்டால், புலம்பல் புஸ்தகத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.